நீலாவதி பேசிய பதினோரு நிமிடம்

சுங்கை மெராந்தி தோட்டம்,
ரெம்பாவ்.
8.3.1998

அச்சு,

இந்தப் பெயரைச் சொல்லி இனிமேல் உன்னைக் கூப்பிடுவதில்லை என்று ஒன்றரை வருஷமாக இருந்தேன். அர்ச்சுனன் என்று எழுதிப் பார்த்தேன். யாருக்கோ எழுதுகிற மாதிரி இருந்தது. அடித்துவிட்டு இப்படி எழுதுகிறேன். அதை வைத்து நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

போன ஞாயிறு ரெம்பாவ் பாசாரில் மயிலம்மாளைப் பார்த்தேன். நீலாவதிக்குக் கீழே ஃபேக்டரியில் வேலை செய்த பெண். மீனுக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றவள் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெரிம்மா, அக்கா டிவில பேசினத நீங்க பாத்தீங்களா?”

“எந்த டிவிலடி?”

“ஃபேக்டரி மீட்டிங் ரூம்லலா. ஜப்பான்காரங்க அங்கேருந்து பேசுவாங்க, நம்ம ஆளுங்க இங்கேருந்து பேசுவாங்க. ரெண்டு பக்கமும் முகம் தெரியும். அக்கா பேசினத ரெக்கார்ட் பண்ணி வச்சாங்க. அர்ச்சுனன் அண்ணன்தானே அந்த மெஷினப் பாத்துக்கிட்டாரு, உங்களுக்குச் சொல்லலையா?”

என் கையில் இருந்த மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டி என் கால் நனைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

பெற்றவள் என்னிடம் அவள் படம் நான்குதான் இருக்கிறது. ஒன்று பள்ளிக்கூடத்தில் எடுத்தது, அதில் கண்ணை மூடிவிட்டாள். மாட்டி வைத்திருப்பது அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கியது. போலீசைப் பார்த்து முறைக்கிற மாதிரி இருப்பாள். அவள் குரல் என்னிடம் எங்கும் இல்லை. காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும்போது அவள் எப்படிக் கூப்பிடுவாள் என்று நினைத்துப் பார்ப்பேன். முதல் ஆறு மாதம் கேட்டது. இப்போது சரியாகக் கேட்பதில்லை.

அந்த கேசட்டை அனுப்பு. பக்கத்தில் மணியம் வீட்டில் வீடியோ பெட்டி இருக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். உன் முகவரி மயிலம்மாள் கொடுத்தது.

தாயம்மா


பாயான் லெப்பாஸ்,
பினாங்கு.
22.3.1998

திருமதி தாயம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

நீங்கள் கேட்பது கேசட் இல்லை. ஃபேக்டரியில் இருந்தது ஒரு கம்ப்யூட்டர். டெலிபோன் கம்பி வழியாக ஜப்பானிலிருந்து வரும் படத்தையும் நம் பக்கத்துப் படத்தையும் சேர்த்து அதற்குள்ளேயே பதிவு செய்யும். அந்த மெஷினைச் செய்த கம்பெனி தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. அந்த முறையில் எழுதிய பதிவை அவர்களுடைய மெஷின்தான் திறக்கும். வேறு எந்தக் கம்ப்யூட்டரில் போட்டாலும் அது என்னவென்றே தெரியாது. மணியம் வீட்டுப் பெட்டியில் அதை நுழைக்கக்கூட முடியாது.

1996 டிசம்பரில் ஃபேக்டரியில் புது மெஷின் வாங்கினார்கள். பழையதைக் கழித்துவிட்டார்கள். பதிவுகளை அழிக்கச் சொன்னார்கள். நீலா பேசியதை மட்டும் ஒரு டிஸ்க்கில் எடுத்து வைத்தேன். அது என்னிடம் இருக்கிறது. ஆனால் என்னாலும் திறக்க முடியவில்லை.

பதினோரு நிமிடம் பேசினாள். வேலையைப் பற்றித்தான் பேசினாள். உங்களுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

அர்ச்சுனன்


சுங்கை மெராந்தி தோட்டம்
5.4.1998

அச்சு,

‘அவர்களுக்கு’ என்று எழுதியிருந்தாய். தோட்ட ஆபீசிலிருந்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதமோ என்று பயந்துபோனேன். எட்டு வயது வரைக்கும் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து கஞ்சி குடித்தவன் எழுதுகிற எழுத்தா அது?

திறக்க முடியாது என்கிறாய். எழுதத் தெரிந்த மெஷினுக்குப் படிக்கத் தெரியாதா? ஒன்றரை வருஷத்தில் ஒன்றுக்கும் உதவாமல் போகிற சாமானையா ஜப்பான்காரன் வாங்கி வைப்பான்? என் பால் கத்தி பதினாறு வருஷமாக வெட்டுகிறது.

எனக்கு என்ன தோன்றுகிறது தெரியுமா? நீ மறைக்கிறாய். மறைப்பது உங்கள் இரண்டு பேருக்கும் புதிது இல்லை. உன் அப்பாவும் என் வீட்டுக்காரரும் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள், பங்காளிகள். நீ என்னைச் சின்னம்மா என்றுதான் கூப்பிட்டாய். அவளுக்கு நீ அண்ணன் முறை. லயத்து வீடுகள் முழுக்க அப்படித்தான் உங்களைப் பார்த்தது. அப்படி இருந்தும் சிரம்பானில் போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, பாரோயில் வீடு எடுத்துக் குடியேறிய பிறகு எனக்குச் சொல்லி அனுப்பினீர்கள். நான் கதவைச் சாத்தினேன். வேறு என்ன செய்வேன்? தண்ணீர்க் குழாயடியில் நான் நின்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அது உனக்குத் தெரியுமா?

வேலையைப் பற்றித்தான் பேசினாள் என்றால் அதையே கேட்கிறேன். அவள் குரலில் என்ன பேசினாலும் எனக்குச் சரி.

தாயம்மா


பாயான் லெப்பாஸ்
3.5.1998

வணக்கம்.

உங்களை எப்படிக் கூப்பிட்டு எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சின்னம்மா என்று எழுதினால் நானும் நீலாவும் செய்தது தப்பு என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. அத்தை என்று எழுதினால் நீங்கள் கிழித்துப் போட்டுவிடுவீர்கள். அதனால்தான் ‘அவர்களுக்கு’ என்று எழுதினேன்.

மறைக்கிறேன் என்றீர்கள். டிஸ்க்கை ரிஜிஸ்டர் போஸ்டில் அனுப்பியிருக்கிறேன். நீங்களே எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஓரத்தில் இருக்கும் தகட்டு மூடியைத் திறக்காதீர்கள். வெயிலில் வைக்காதீர்கள்.

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. டிங்கிக் காய்ச்சலில் அவள் படுத்த அந்த ஐந்து நாளும் ஆஸ்பத்திரியில் நான்தான் இருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். தலை சீவிவிட்டேன். ஐந்தாம் நாள் நீங்கள் வந்தீர்கள், அப்போது அவள் இல்லை. பிணத்தைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனீர்கள். கடைசிக் காரியத்தை உங்கள் தம்பி நல்லசாமியைச் செய்ய வைத்தீர்கள். புருஷன் நான் கூட்டத்துக்குப் பின்னால் செம்பனை மரத்தடியில் நின்றேன். பக்கத்தில் நின்ற சீனன் ஒருவன் என்னைப் பார்த்து, “நீ இந்தக் குடும்பமா?” என்று மலாயில் கேட்டான். இல்லை என்று சொன்னேன்.

அர்ச்சுனன்


சுங்கை மெராந்தி தோட்டம்
12.7.1998

அச்சு,

டிஸ்க் வந்து இரண்டு மாதம் ஆகிறது. பதில் எழுதாதது கோபத்தில் இல்லை. ஒரு தப்பு நடந்துவிட்டது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் நாள் போய்விட்டது.

நீலக் கலரில், என் உள்ளங்கை அளவுக்கு இருந்தது. இதற்குள்ளேதான் அவள் இருக்கிறாள் என்று நினைத்தபோது அதைச் சும்மா பெட்டியில் போட எனக்கு மனசு வரவில்லை. அவள் படத்துக்கு முன்னால் சாமித் தட்டில் வைத்தேன். படத்துக்குப் பொட்டு வைக்கும்போது அதற்கும் வைத்தேன். சந்தனம், குங்குமம், வெள்ளிக்கிழமை திருநீறு. ஐந்து வாரம். தப்பு என்று தோன்றவே இல்லை. வீட்டுக்குப் புதிதாக வந்த எதற்கும் அப்படித்தானே செய்வோம். மணியம் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது விளக்குக் கண்ணாடியில்கூடப் பட்டை போட்டோம்.

அப்புறம் ஒரு நாள் காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் லீவு சொல்லிவிட்டு சிரம்பானுக்குப் பஸ் ஏறினேன். லோபாக்கில் செட்டியார் வீட்டுப் பிள்ளை சாத்தப்பன் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன், உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அந்தத் தகட்டைத் தள்ளினார். உள்ளேயிருந்து மேசையில் கொட்டியது.

“என்னம்மா இது, டிஸ்க்குக்குள்ள திருநீறு?”

“சாமித் தட்டுல வச்சிருந்தேன் தம்பி.”

“இதுக்கெல்லாம் பூசை போட்டா நானே தெனம் ரெண்டு கட்டு சூடம் கொளுத்துவேனே, என் கடை மெஷின் எல்லாம் நல்லா ஓடுமே” என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். பஞ்சு வைத்துத் துடைத்தார், ஊதினார், ஏதோ தண்ணீர் தொட்டுத் துடைத்தார். அவருடைய மெஷினில் போட்டார். அது கரகர என்று சத்தம் போட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை.

“வரலம்மா” என்றார். காசு வாங்கவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மடியில் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உயிரோடு இருந்தபோது கதவைச் சாத்தினேன். மிச்சம் இருந்த குரலையும் நானே பொட்டு வைத்து அழித்துவிட்டேன். நீ மூடியைத் திறக்காதே என்றுதான் எழுதியிருந்தாய். பொட்டு வைக்காதே என்று ஏன் எழுதவில்லை?

உன்மேல் தப்பு இல்லை. எழுத்தில் வந்துவிட்டது, அடித்து எழுதத் தெம்பு இல்லை.

அந்தச் சீனன் கேட்டதை எழுதியிருந்தாய். நாலு தடவை படித்தேன். அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தியிருக்க வேண்டும்.

தாயம்மா


பாயான் லெப்பாஸ்
2.8.1998

வணக்கம்.

முதலில் இதைப் படியுங்கள். நீங்கள் ஒன்றையும் அழிக்கவில்லை.

உங்களுக்கு அனுப்பிய அதே பதிவின் நகல் இன்னொரு டிஸ்க்கில் என்னிடம் இருக்கிறது. அதற்குத் திருநீறும் இல்லை, சந்தனமும் இல்லை, அலமாரியில் உறைக்குள் பத்திரமாக இருந்தது. அதுவும் திறக்கவில்லை. சாத்தப்பன் கடையில் டிஸ்க் சுத்தமாகவே இருந்திருந்தாலும் அவருக்குப் பதிவின் பெயர் தெரிந்திருக்கும், ஒரு தேதி தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

உங்கள் கடிதம் வந்த மறுநாளே லீவு எடுத்துப் பெட்டாலிங் ஜெயாவுக்குப் போனேன். அந்த மெஷினை மலேசியாவில் விற்ற ஏஜென்ட் ஆபீஸ் அங்கேதான் இருந்தது. கதவில் சங்கிலி. ரிங்கிட் மதிப்பு விழுந்ததில் மூடிவிட்டார்கள் என்று எதிர்ச் சாப்பாட்டுக் கடை மாமாக் சொன்னார். அமெரிக்காவில் அதைச் செய்த கம்பெனிக்கு ஃபேக்ஸில் எழுதினேன். அவர்களை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம். பழைய முறையை இப்போது ஆதரிப்பதில்லை, புது மெஷின் வாங்கிக்கொள்ளுங்கள் என்று விலைப் பட்டியல் அனுப்பியிருக்கிறார்கள். பதிவு அப்படியே இருக்கிறது. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. அதைப் படிக்கிற அட்டை ஒன்று பழைய கம்ப்யூட்டருக்குள் சொருகியிருந்தது. அந்த அட்டையோடுதான் ஃபேக்டரிக்காரர்கள் அதை இரும்புக் கடைக்குப் போட்டார்கள்.

தப்பு செய்தவன் நான். அந்த மெஷின் போவதற்கு முன்னால் மூன்று நாள் எனக்கு நேரம் இருந்தது. ஒரு சாதாரண வீடியோ பெட்டியை ஒரு வயரால் இணைத்து, அவள் பேசியதை ஓட்டிவிட்டு, கேசட்டில் ஏற்றியிருக்கலாம். அப்படி ஏற்றியிருந்தால் இன்று மணியம் வீட்டில் உட்கார்ந்து நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆனால் ஏற்ற வேண்டுமென்றால் ஓட்ட வேண்டும். ஓட்டினால் அவள் வருவாள். அவள் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. பட்டனில் கை வைத்தேன், எடுத்துவிட்டேன். டிஸ்க்கில் நகல் எடுக்கும்போது முகம் தெரியாது, குரல் கேட்காது. அதனால் அதைச் செய்தேன். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இன்னொன்று. வேலையைப் பற்றித்தான் பேசினாள் என்று எழுதினேன். அது முழு உண்மை இல்லை. கடைசியில் உங்களைப் பற்றிப் பேசினாள். கோபத்தில்தான் மறைத்தேன். அவள் உயிரோடு இருந்தபோது ஆஸ்பத்திரிக்கு வராதவர்களுக்கு இதை ஏன் கொடுக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்போது அந்தக் கோபம் இல்லை, ஆனால் பயமாக இருக்கிறது. நீங்கள் கேட்டால் எழுதுகிறேன். கேட்காமல் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அர்ச்சுனன்


சுங்கை மெராந்தி தோட்டம்
9.8.1998

அச்சு,

ஆஸ்பத்திரிக்கு நான் முன்னாலேயே வராதது எனக்கு நாலாம் நாள்தான் சேதி வந்ததால். அதையும் நம்பாமல் ஒரு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். சும்மா காய்ச்சல் என்று சொல்லி என்னை வரவழைக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன்.

என்ன சொன்னாள் என்று எழுது. திட்டியிருந்தால் திட்டியதையும் எழுது. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தாயம்மா


பாயான் லெப்பாஸ்
30.8.1998

அத்தைக்கு,

இப்படித்தான் எழுத வந்தது. கிழித்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

1996 ஜூலை 17, புதன்கிழமை. மூன்று மாதமாக அவள் பார்த்துக்கொண்ட லைனில்தான் கழித்துப்போடும் சாமான் குறைவு. எப்படி என்று அவள் வாயாலேயே கேட்க வேண்டும் என்று ஜப்பானில் சொல்லிவிட்டார்கள். மலாயில்தான் பேசினாள், அங்கே ஒருவர் மொழிபெயர்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே புள்ளியைப் பார்த்தால் பெண்களுக்குக் கண் மங்கிவிடுகிறது, அதனால் இடம் மாற்றி உட்கார வைக்கிறேன் என்றாள். மேனேஜரைக் கேட்டாயா என்றார்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்றாள். அங்கே எல்லாரும் சிரித்தார்கள். இங்கே மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை.

முடிக்கும்போது அங்கே நடுவில் உட்கார்ந்திருந்த வயதான மனுஷர், வீட்டில் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பார்களே என்று கேட்டார். சும்மா மரியாதைக்குக் கேட்டதுதான். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் சொன்னது இது. மலாயில் சொன்னதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

“எங்கம்மா இப்ப என்கிட்டப் பேசறதில்ல. தீபாவளிக்குள்ள பேசிடுவாங்க.”

அவர் விடவில்லை. “அதெப்படி அவ்வளவு நிச்சயம்?”

“எங்கம்மா கோவம் ஒரு வருசம். நவம்பரோட ஒரு வருசம் முடியுது. முறுக்கு சுடறப்ப மாவு பெசைய ஆள் வேணும்ல, தானா கூப்பிடுவாங்க.”

எல்லாரும் கை தட்டினார்கள். அவர் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் மேனேஜர், “மீட்டிங்ல வீட்டுக் கதையெல்லாம் எதுக்கு?” என்று அவளைக் கேட்டார். “அவர்தானே சார் கேட்டாரு” என்றாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம் என்றீர்கள், அதனால் எழுதுகிறேன். அந்த நவம்பரில் மறுபடி மீட்டிங். தீபாவளி முடிந்து பத்து நாள் இருக்கும். நான் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த மனுஷர் நோட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்தப் பெண்ணின் அம்மா பேசிவிட்டாரா என்று கேட்டார். மேனேஜர், அந்தப் பெண் இப்போது நம்மிடம் இல்லை என்றார். வேலையை விட்டுப் போய்விட்டாள் என்று அந்த ஜப்பான்காரர் நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. போன இடத்தில் நன்றாக இருக்கட்டும் என்று சொல்லித் தலையைக் குனிந்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். மெஷின் தானாகப் பதிவு செய்துகொண்டிருந்தது.

அர்ச்சுனன்


சுங்கை மெராந்தி தோட்டம்
11.10.1998

அச்சு,

கிழிக்கவில்லை. அத்தை என்று எழுதியதையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம், நீ எழுதியது நிஜமா, எனக்கு ஆறுதலுக்குக் கட்டியதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினும் இல்லை, அட்டையும் இல்லை. உன் வாயை விட்டால் எனக்கு வேறு சாட்சி இல்லை. ஒரு காலத்தில் லயம் முழுக்கக் கேட்கும்படி உன்னைப் பொய்யன் என்று கத்தினவள் நான்.

நம்புகிறேன். ஆறுதலுக்குக் கட்டுகிறவனாக இருந்தால் நீ அந்த ஜப்பான்காரர் மறுபடி கேட்டதை எழுதியிருக்க மாட்டாய். அதுவும் இல்லாமல், அவள் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் நாள் குறிப்பாள். “மழை நாலு மணிக்கு நின்னுரும்மா, துணியைக் காயப் போடு” என்பாள். நான் காயப் போடுவேன். மழை நிற்காது. மறுநாளும் அதே மாதிரி சொல்வாள், நானும் அதே மாதிரி காயப் போடுவேன்.

டிஸ்க்கை இனிமேல் யாரிடமும் கொண்டுபோக வேண்டாம். நீயும் லீவு போட்டு அலைய வேண்டாம். என் டிஸ்க்கை அவளுடைய துணிகளோடு வைத்துவிட்டேன்.

அவள் குறித்த நாளைப் பற்றித்தான் இந்த ஆறு வாரமாக யோசிக்கிறேன். மரம் வெட்டும்போதும் அதே யோசனை. நேற்று இரண்டு மரத்தில் கத்தி ஆழமாக இறங்கிவிட்டது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சன்னாசி சத்தம் போட்டார்.

என் கோபம் ஒரு வருஷம் என்று சொன்னாளாம். அவளுக்குத் தெரியாது. அவள் பிறப்பதற்கு வெகு நாள் முன்னால் நல்லசாமியோடு எனக்குச் சண்டை. ஒரே லயத்தில் இருந்துகொண்டு ஆறு வருஷம் என் தம்பியோடு நான் பேசவில்லை. அவன் பெண்டாட்டி செத்த அன்றுதான் பேசினேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் படுப்பதற்கு இரண்டு வாரம் முன்னால் ரெம்பாவ் பாசாரில் அவளைப் பார்த்தேன். நெத்திலி விற்கிற இடத்தில் நின்றாள், கழுத்தெல்லாம் இளைத்திருந்தது. அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். இரண்டடி என் பக்கம் வந்தாள். நான் திரும்பி அடுத்த வரிசைக்குப் போய்விட்டேன். காய்கறிக்காரனிடம் வேண்டாத கத்தரிக்காயை நிறுத்து வாங்கினேன், அவள் போகட்டும் என்று. அவள் போன பிறகு வந்து அதே கடையில் நெத்திலி வாங்கினேன். அவளுக்குப் பிடித்த மாதிரி காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு வறுத்தேன். வறுத்து முடித்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது, சட்டியோடு கொண்டுபோய் நாய்க்குக் கொட்டிவிட்டேன்.

வாங்கினவளும் நான்தான். கொட்டினவளும் நான்தான். அதை வைத்து என் மனசு எந்தப் பக்கம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நீ அவளோடு வாழ்ந்தவன், என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவன், எங்கள் இரண்டு பேரையும் தெரிந்தவன் உன்னைத் தவிர இப்போது உலகத்தில் யாரும் இல்லை. அதனால் உன்னைக் கேட்கிறேன். அந்தத் தீபாவளி வரைக்கும் அவள் இருந்திருந்தால், நான் பேசியிருப்பேனா, அச்சு?